ஒரே மரத்துப் பிள்ளைகள்தானா? குளுவாங் செம்பனையும் திசு வளர்ப்புக் கன்றுகளின் மரபுச் சோதனையும்

படிவம் 4 உயிரியலில் நம் மாணவர்கள் "குல்தூர் தீசு" என்று மலாயில் படிப்பதைத்தான் தமிழில் திசு வளர்ப்பு என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் இழைய வளர்ப்பு என்று பார்த்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். தேர்வில் எழுத வேண்டிய வரி பெரும்பாலும் மனப்பாடமாகவே இருக்கும்: திசு வளர்ப்பில் உருவாகும் கன்றுகள் அனைத்தும் தாய்ச்செடியை மரபியலில் ஒத்திருக்கும். இந்த வரிக்கு மதிப்பெண் உண்டு, அதை மாற்றி எழுதச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த "ஒத்திருக்கும்" என்ற சொல்லை யார் பார்த்து உறுதி செய்தார்கள்? எதைப் பார்த்தார்கள்? எத்தனை கன்றில் பார்த்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடப் போனால், உலக அளவில் பேசப்பட்ட ஒரு கதை நம் ஜொகூரிலேயே, குளுவாங்கில் ஆரம்பிக்கிறது.

கருத்துணர்தல் பகுதிக்கோ அறிவியல் சார்ந்த கட்டுரைக்கோ பயன்படும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

குளுவாங்கில் நடந்தது

செம்பனைக்கு ஒரு குணம். அதற்கு ஒரே ஒரு குருத்துதான். வாழையைப் போலப் பக்கக்கன்று விடாது, மரவள்ளியைப் போலத் தண்டை வெட்டி ஊன்றவும் முடியாது, ரப்பரைப் போல ஒட்டுக் கட்டவும் வழியில்லை. விதை ஒன்றுதான் வழி. விதையில் போட்டால் என்ன ஆகும்? ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பிகள் மாதிரி, ஒன்று நன்றாகக் காய்க்கும், ஒன்று சுமாராகக் காய்க்கும். ஒரு தோட்டத்தில் அபாரமாகக் காய்க்கும் ஒரு மரம் இருந்தால், அதே மாதிரி இன்னொரு மரத்தை உண்டாக்க வழியே கிடையாது.

1970களில் இங்கிலாந்தில் கோல்வொர்த் என்ற இடத்தில் இருந்த யூனிலீவர் ஆய்வகம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. திசுவிலிருந்து செம்பனைக் கன்றுகளை வளர்த்தார்கள். அதே காலத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்களும் இதில் வெற்றி கண்டார்கள். யூனிலீவரின் கன்றுகள் 1977இல் குளுவாங்கில் இருந்த பாமோல் தோட்டத்தில் நடப்பட்டன. செம்பனையில் திசு வளர்ப்புக் கன்றுகள் தோட்ட மண்ணுக்குப் போனதன் தொடக்கம் அது. விளைச்சல் 20 முதல் 30 விழுக்காடு வரை கூடும் என்று எதிர்பார்த்தார்கள். சில ஆண்டுகளில் மலேசியாவில் பல நிறுவனங்கள் ஆய்வகம் கட்டிக் கன்று உற்பத்தியில் இறங்கின.

செம்பனை நட்டு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழித்துத்தான் அறுவடைக்கு வரும். காத்திருந்து பார்த்தபோது, சில மரங்களில் வந்த காய் காய் மாதிரியே இல்லை. நடுவில் ஒரு காய், அதைச் சுற்றி சதைப்பற்றான விரல் போன்ற துண்டுகள் போர்வை போர்த்தியது போல் மூடியிருந்தன. ஆங்கிலத்தில் இதற்கு "மேன்டில்ட்" என்று பெயர் வைத்தார்கள். போர்வை போர்த்திய காய் என்றுதான் பொருள். குலை வெட்டிப் பழகியவர் யாரும் ஒரே பார்வையில் பிரித்துச் சொல்லிவிடலாம். லேசான பாதிப்பு என்றால் ஓரளவு எண்ணெய் கிடைக்கும். கடுமையான பாதிப்பு என்றால் உள்ளே பருப்பே இருக்காது, குலை முற்றாமலே அழுகிப் போய்விடும்.

1986இல் கோர்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் "பிளாண்டர்" இதழில் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார்கள். தொழில் உலகம் அதிர்ந்தது. பெரிய அளவில் கன்று உற்பத்தி செய்யும் திட்டங்கள் மெதுவாகின, சிலர் நிறுத்தியே விட்டார்கள்.

இதில் என்ன இவ்வளவு பெரிய பிரச்சினை என்று மாணவர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு ஹெக்டரில் ஏறத்தாழ 136 முதல் 148 செம்பனை மரங்கள் நடுவார்கள். ஒரு முறை நட்டால் 25 ஆண்டு வரை வைத்திருப்பார்கள். கன்று வாங்கும்போது எல்லாம் பச்சைப் பசேலென்று ஒன்று போலத்தான் இருக்கும். தவறு தெரியவரும்போது மூன்று ஆண்டு உரமும் கூலியும் போயிருக்கும். பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். நாலு ஹெக்டர் நிலத்தை நம்பி இருக்கிற சிறுதோட்டக்காரர் என்ன செய்வார்?

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லா மரமும் கெட்டுப் போகவில்லை. ஒரே தாய்மரத்துத் திசுவிலிருந்து வந்த கன்றுகளிலேயே சில நன்றாகக் காய்த்தன, சில போர்த்திய காய் காய்த்தன. சில தாய்மரங்களின் கன்றுகளில் பாதிப்பே இல்லை, வேறு சிலவற்றில் ஏறக்குறைய எல்லாமே பாதிப்பு. அதைவிட விசித்திரம், கெட்டுப் போன சில மரங்கள் சில ஆண்டுகளில் தாமாகவே நல்ல காய்க்குத் திரும்பின. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாழையிலும் அன்னாசியிலும்

செம்பனை மட்டும்தானா இப்படி? இல்லை. 1981இல் ஆஸ்திரேலியாவின் லார்க்கின், ஸ்கௌக்ரொஃப்ட் என்ற இருவர், திசு வளர்ப்பில் வந்த செடிகளில் தோன்றும் மாறுபாடுகளுக்கென்றே ஒரு பெயர் கொடுத்தார்கள்: சோமாகுளோனல் மாறுபாடு. "சோமா" என்றால் உடல், "குளோன்" என்றால் படி, அதாவது நகல். உடல் செல்லிலிருந்து எடுத்த நகலில் வரும் மாறுபாடு என்று விளக்கினால் மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.

வாழையில் இது கண்ணுக்கே தெரியும். கேவண்டிஷ் வகை வாழையில் அதிகம் வருவது குட்டை மாறுபாடு. மற்ற வாழையெல்லாம் ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும்போது ஒன்றிரண்டு மட்டும் இலையெல்லாம் நெருங்கி, கட்டையாக நின்றுவிடும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் அப்பா பத்து பகாட் பக்கம் கொஞ்சம் வாழை போட்டிருக்கிறார். பெற்றோர் சந்திப்பு நாளில் மகளின் மதிப்பெண்ணைப் பேசி முடித்த பிறகு கேட்டார்: "டீச்சர், ஒரே மரத்துப் பிள்ளைங்கன்னு சொல்லித்தான் வித்தாங்க. அப்புறம் ஏன் நாலஞ்சு மட்டும் குள்ளமா நிக்குது? பிள்ளைக்கு இதெல்லாம் பாடத்துல இருக்காம்ல?" நான் சொன்னேன், "அண்ணே, ஒரே மரத்துப் பிள்ளைங்கதான். வளர்ந்த வீடுதான் கொஞ்சம் வேற." அவர் சிரித்துவிட்டார், ஆனால் அந்தப் பதிலை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வாழைக் கன்றின் குருத்து நுனியை வெட்டிச் சுத்தம் செய்து, கண்ணாடிக் குடுவையில் சர்க்கரை, உப்புச்சத்துகள், வளர்ச்சி ஹார்மோன் கலந்த கூழில் வைப்பார்கள். ஹார்மோன் தூண்டுதலால் ஒரு குருத்து பல குருத்தாகும். அவற்றைப் பிரித்துப் புதுக் குடுவைகளில் வைப்பார்கள். மறுபடி பெருகும், மறுபடி பிரிப்பார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால், 8 சுற்றில் ஒரு குருத்து 6,561 ஆகிவிடும். இன்னும் இரண்டு சுற்று போனால் 59,049. வியாபாரி ஆசைப்படுவதில் வியப்பில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் செல் பிரிந்துகொண்டே இருக்கிறது, டிஎன்ஏ படியெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதுவும் மண்ணில் இல்லை, ஹார்மோன் குளியலில். சுற்று கூடக்கூடப் பிழை கூடும். ஒரு சுற்றில் புகுந்த பிழை அடுத்தடுத்த சுற்றுகளில் தானும் மூன்று மூன்றாகப் பெருகும். அதனால்தான் வாழையில் சுமார் 8 சுற்றோடு நிறுத்திவிட்டுப் புதுத் தாய்க்கன்றிலிருந்து மறுபடி தொடங்கு என்று சொல்லுவார்கள்.

வாழையில் குருத்து நுனியிலிருந்து நேராகவே குருத்து வருகிறது. செம்பனையில் அப்படி வராது. இளம் இலைத் திசு முதலில் உருவமற்ற செல் திரளாக மாற வேண்டும். அதற்குக் காலஸ் என்று பெயர். அந்தத் திரளிலிருந்துதான் கரு போன்ற அமைப்புகள் தோன்றிக் கன்றாகும். இலையாக இருந்த செல் தன் அடையாளத்தை மறந்து, மறுபடி ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொள்கிற மாதிரி. மறக்கிற இடத்தில்தான் ஆபத்து அதிகம்.

அன்னாசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொந்தியான் பக்கத்து மாணவர்களுக்கு அன்னாசி புதிதில்லை. முள் இல்லாத இலை உள்ள வகையைத் திசு வளர்ப்பில் பெருக்கும்போது, சில கன்றுகளில் இலை ஓரத்தில் முள் திரும்பி வந்துவிடும். விரலை வைத்துப் பார்த்தாலே தெரியும் சோதனை அது.

சரி, எப்படித்தான் சோதிக்கிறாங்க?

முதல் சோதனை கண். நாற்றங்காலில் அனுபவமுள்ளவர் இலையின் நீள அகலத்தையும் காம்பின் நீளத்தையும் பார்த்தே குட்டை வாழையைப் பிரித்தெடுத்துவிடுவார். விலை மலிவான சோதனை, இன்றைக்கும் தேவையான சோதனை. ஆனால் காய் வந்தால்தான் தெரியும் என்கிற குறையை இலையில் பார்க்க முடியாது.

இரண்டாவது, குரோமோசோம் எண்ணிக்கை. கேவண்டிஷ் வாழைக்கு மூன்று தொகுதி, மொத்தம் 33 குரோமோசோம். திசு வளர்ப்பில் ஒன்றிரண்டு கூடியோ குறைந்தோ போவதுண்டு. நுண்ணோக்கியில் எண்ணலாம், அல்லது செல்லில் உள்ள டிஎன்ஏயின் அளவைக் கருவி கொண்டு அளக்கலாம். பெரிய தவறுகள் இதில் மாட்டும். சின்னத் தவறு மாட்டாது.

மூன்றாவதுதான் இன்று அதிகம் பேசப்படுவது, டிஎன்ஏ குறியீட்டுச் சோதனை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் "மரபணுச் சோதனை செய்யப்பட்டது" என்ற வரியைப் பார்த்தவுடன் எல்லாம் பார்த்துவிட்டார்கள் என்று நம்பிவிடுகிறோம்.

தாய்ச்செடியின் இலையிலிருந்தும் கன்றுகளின் இலையிலிருந்தும் டிஎன்ஏயைப் பிரித்தெடுப்பார்கள். டிஎன்ஏ என்பது நான்கே எழுத்தில் எழுதப்பட்ட மிக நீண்ட நூல் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு குறிப்பிட்ட சின்னச் சொல் எங்கெங்கே வருகிறதோ, அங்கே ஒட்டிக்கொள்ளும் ஒரு துண்டை உள்ளே விடுவார்கள். அதற்குப் பிரைமர் என்று பெயர். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இடத்தில் அது ஒட்டினால், இடைப்பட்ட பகுதியை பிசிஆர் கருவி லட்சக்கணக்கில் படியெடுத்துத் தரும். படிகளை ஜெல்லில் ஓட்டினால் நீளத்துக்கு ஏற்பப் பிரிந்து, ஏணிப்படி மாதிரி பட்டைகள் தெரியும். தாய்க்கு வந்த பட்டைகளே எல்லாக் கன்றுக்கும் வந்தால், மாறுபாடு காணப்படவில்லை என்று எழுதுவார்கள். ஒரு கன்றுக்கு ஒரு பட்டை காணோம், அல்லது புதுப் பட்டை ஒன்று வந்திருக்கிறது என்றால் சந்தேகம். ஆர்ஏபிடி, ஐஎஸ்எஸ்ஆர், எஸ்எஸ்ஆர் என்றெல்லாம் ஆய்வுகளில் பார்க்கிற பெயர்கள் இந்த வகைதான். எந்தச் சொல்லைத் தேடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

இப்போது ஒரு கணக்கு. ஆர்ஏபிடி முறையில் பிரைமர் 10 எழுத்து நீளம். 20 பிரைமர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 10 பட்டை வந்தால் மொத்தம் 200 பட்டை. ஒரு பட்டைக்கு இரு முனையிலும் சேர்த்து 20 எழுத்து சரியாக இருக்க வேண்டும். அப்படியானால் நேரடியாகச் சரிபார்த்தது 4,000 எழுத்து. வாழையின் மரபுத்தொகுதி எவ்வளவு நீளம்? 2012இல் முதன்முதலாக முழுமையாக வாசித்து "நேச்சர்" இதழில் வெளியிட்டார்கள். வாசிக்கப்பட்ட காட்டு வாழை வகைக்குப் பெயர் என்ன தெரியுமா, பஹாங்! நம் பக்கத்து மாநிலத்தின் பெயர்தான். ஒரு தொகுதிக்குச் சுமார் 52 கோடி எழுத்து. 52 கோடியில் 4,000 என்றால் ஒரு லட்சம் எழுத்துக்கு ஓர் எழுத்துகூடத் தேறாது. பட்டையின் நடுவில் பெரிய துண்டு விழுந்தாலோ சேர்ந்தாலோ நீளம் மாறிக் காட்டிக்கொடுக்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கிறது. இருந்தாலும், 500 பக்க நாவலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில எழுத்துகளைப் பார்த்துவிட்டு அச்சுப்பிழை இல்லை என்று கையெழுத்துப் போடுவதைப் போன்றதுதான்.

அதனால் சோதனையே வீண் என்று எழுதிவிடாதீர்கள். வேறு வகைக் கன்று கலந்துவிட்டதா, தாய்ச்செடியே மாறிப்போய்விட்டதா என்பதை இது அழகாகப் பிடித்துவிடும். ஆய்வகத்தில் குடுவை மாறிப்போவது நடக்கக்கூடிய காரியம்தானே.

எத்தனை கன்றைச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். ஒரு தொகுதியில் 100க்கு 2 கன்று மாறுபட்டது என்று வைப்போம். 10 கன்றை எடுத்துச் சோதித்தால், பத்தும் நல்லதாகவே அமையும் வாய்ப்பு 0.98ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 82 விழுக்காடு. பத்து தடவையில் எட்டு தடவை "எல்லாம் சரி" என்று அறிக்கை வந்துவிடும்! 100 கன்றைச் சோதித்தால் அந்த வாய்ப்பு 13 விழுக்காடாகக் குறையும். 5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர 150 கன்று வேண்டும். படிவம் 4, 5 மாணவர்கள் நிகழ்தகவு படிக்கிறார்கள், கணித ஆசிரியரோடு சேர்ந்து ஒரு பாடமாகவே நடத்தலாம்.

இந்தியாவில் இதற்கு அரசு முறையே இருக்கிறது. 2006இல் உயிரித் தொழில்நுட்பத் துறை, திசு வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையைத் தொடங்கியது. ஆய்வகத்துக்கு அங்கீகாரம், தாய்ச்செடிக்கு வைரஸ் சோதனை, கன்றுத் தொகுதிக்கு வைரஸ் சோதனையோடு மரபு ஒருமைச் சோதனை, அதன்பின் சான்று. தேனிப் பக்கம் ஏக்கர் ஏக்கராகப் போகும் ஜி9 வாழை எல்லாம் திசு வளர்ப்புக் கன்றுதான். திருச்சியில் 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இந்த மாதிரிச் சோதனைகளில் பெயர் பெற்றது. கன்று வாங்குகிற விவசாயி கேட்டுப் பார்க்க ஒரு தாளாவது இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

எழுத்து சரி, புள்ளி எங்கே?

குளுவாங் செம்பனைக்குத் திரும்புவோம். அங்கே கண்டது போன்ற போர்த்திய காய் மரங்களை இந்தப் பட்டைச் சோதனையில் வைத்தால் என்ன வரும்? 1998இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வைத்தே பார்த்துவிட்டார்கள். ஆர்ஏபிடி முறையில் தாய்மரத்துக்கும் அதன் கன்றுகளுக்கும், நல்ல காய்க்கும் போர்த்திய காய்க்கும் வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை. சோதனையில் தேறின, தோட்டத்தில் தோற்றன. எழுத்துகளைக் குறைவாகப் பார்த்ததால் மட்டும் வந்த தோல்வி இல்லை இது. வேறு எதையோ பார்க்க வேண்டியிருந்தது. மரங்கள் சில தாமாகவே குணமாயின என்று முன்னே சொன்னேனே, அதுதான் துப்பு. எழுத்தே மாறியிருந்தால் அத்தனை மரம் திரும்பியிருக்காது.

இங்கே தமிழாசிரியருக்குக் கை கொடுக்க ஓர் உவமை இருக்கிறது. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். "பல்" என்பதும் "பல" என்பதும் ஓலையில் ஒன்று போலவே இருக்கும். எழுத்து ஒன்றுதான், புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் பொருளே மாறிப்போகிறது. டிஎன்ஏயிலும் புள்ளி மாதிரி ஒன்று உண்டு. மீத்தைல் என்ற சிறு வேதித்துண்டு சில எழுத்துகளின் மேல் ஒட்டியிருக்கும். பொதுவாக அது "இந்த இடத்தை வாசிக்காதே" என்ற குறிப்பு. எழுத்தை மாற்றாமல் வாசிப்பை மாற்றும் இந்த மாதிரி மாற்றங்களைப் படிக்கும் துறைக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். பட்டைச் சோதனை, புள்ளியைக் கணக்கில் எடுக்காமல் ஓலை வாசிப்பது போல. பல் என்றாலும் பல என்றாலும் அதற்கு ஒன்றுதான்.

2000ஆம் ஆண்டு வாக்கிலேயே பாதிக்கப்பட்ட செம்பனையில் மொத்தமாகப் புள்ளிகள் குறைந்திருப்பதைப் பிரெஞ்சுக் குழுவினர் காட்டிவிட்டார்கள். ஆனால் நூல் முழுக்கப் பரவிக் கிடக்கும் புள்ளிகளில் எந்தப் புள்ளி தொலைந்ததால் காய் கெட்டது? அதைச் சொல்ல மேலும் 15 ஆண்டு ஆனது. அதற்குள் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் செம்பனையின் மரபுத்தொகுதியையே வாசித்து 2013இல் வெளியிட்டிருந்தார்கள். சுமார் 180 கோடி எழுத்து. ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி அந்தக் குழுவின் தலைமையில் இருந்தவர். நம் மாணவிகளுக்கு இந்தப் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள், கட்டுரைக்கு அறிவியலாளர் பெயர் கேட்டால் பழைய நாலைந்து பெயரைத் தாண்டுவதே இல்லை.

2015 செப்டம்பரில் "நேச்சர்" இதழில் விடை வந்தது. மெய்லினா ஓங் அப்துல்லா முதல் ஆசிரியர், ரவிகாதேவி, ரஜிந்தர் சிங், அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்து ராபர்ட் மார்ட்டியென்சன் ஆகியோர் உடன். ஒரே தாய்மரத்திலிருந்து வந்த நல்ல மரம், கெட்ட மரம் இரண்டின் புள்ளிகளையும் மரபுத்தொகுதி முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே ஓர் இடத்தில் வந்து விரல் நின்றது.

பூவில் மகரந்தத்தாள் எங்கே வர வேண்டும் என்று கட்டளையிடும் ஒரு மரபணு செம்பனையில் இருக்கிறது. அதன் நடுவில், வாசிக்கும்போது தாண்டிப் போக வேண்டிய ஒரு பகுதியில், எந்தக் காலத்திலோ தாவி வந்து உட்கார்ந்துகொண்ட ஒரு வேற்றுத் துண்டு இருக்கிறது. தாவும் மரபணு என்று படித்திருப்பீர்கள், அந்த வகை. முதலில் நெல்லில் கண்டறிந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்குக் கொடுத்த பெயர் கர்மா. புள்ளிகள் அடர்த்தியாக இருக்கும்வரை செல் அந்தத் துண்டைத் தாண்டி, மரபணுவை முழுசாக வாசிக்கிறது. திசு வளர்ப்பில் அந்த இடத்துப் புள்ளிகள் உதிர்ந்துவிட்டால் வாசிப்பு கர்மாவுக்குள் நுழைந்து பாதியிலேயே நின்றுவிடுகிறது. கட்டளை அரைகுறை. பெண் பூவில் சிறிதாக, வளராமல் இருக்க வேண்டிய மகரந்தத்தாள்கள் சூலகம் போல வளரத் தொடங்குகின்றன. காயைச் சுற்றி வந்த அந்தச் சதை விரல்கள் வேறொன்றும் இல்லை, இவைதான்.

புள்ளி உள்ள நிலையை ஆய்வாளர்கள் "நல்ல கர்மா" என்றும், உதிர்ந்த நிலையை "கெட்ட கர்மா" என்றும் அழைத்தார்கள். சொல் நம்மிடமிருந்து போனதுதான், ஆனால் முற்பிறவிக் கணக்கு எதுவும் இதில் இல்லை. மாணவர்கள் தத்துவமாக எழுதித் தள்ளிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதன் பயன் என்ன? நாற்றங்காலிலேயே ஓர் இலைத் துண்டை எடுத்து, கர்மாவின் அந்த இடத்தில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. கெட்டது என்றால் அங்கேயே கழித்துவிடலாம். 1986இல் அறிவிக்கப்பட்ட ஒரு பிரச்சினைக்கு 2015இல் கிடைத்த சோதனை இது. 29 ஆண்டு.

ஆனால் இதிலும் ஓர் எல்லை உண்டு. கர்மா சோதனை செம்பனையின் போர்த்திய காயை மட்டும்தான் சொல்லும். வாழையின் குட்டைத்தன்மையைப் பற்றியோ அன்னாசியின் முள்ளைப் பற்றியோ அதற்கு ஒன்றும் தெரியாது. அதே செம்பனையில் வேறு ஏதாவது மாறியிருந்தாலும் சொல்லாது. ஆகவே "மரபு ஒருமை உறுதி செய்யப்பட்டது" என்று எங்கே படித்தாலும், என் கருத்துப்படி அந்த வாக்கியம் பாதி வாக்கியம். எந்தச் சோதனையில், எத்தனை கன்றில், எத்தனையாவது சுற்றில் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் வாக்கியம் முடிகிறது. கன்று வாங்கப் போகிற அந்த மாணவியின் அப்பாவுக்கும் இந்த மூன்று கேள்வியைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

மாறுபாடு எல்லாமே கெட்டதா?

வகுப்பில் யாராவது இதைக் கேட்பார்கள், கேட்க வேண்டும். தைவானில் வாழையை அழித்த பனாமா வாடல் நோய்க்கு எதிராக, திசு வளர்ப்பு வாழைகளில் தானாக மாறுபட்டு வந்த கன்றுகளை வயலில் விட்டுச் சலித்தார்கள். நோயைத் தாங்கி நின்றவற்றிலிருந்து வந்ததுதான் ஃபார்மோசானா என்ற வகை. மலேசியாவில் 1990களில் மலாயாப் பல்கலைக்கழகமும் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனமும் சம்பந்தப்பட்ட ஒரு முயற்சியில், திசு வளர்ப்புக் குருத்துக்குக் காமா கதிர் செலுத்தி, சீக்கிரம் பூக்கும் நோவாரியா என்ற வாழையைக் கொண்டுவந்தார்கள். அங்கெல்லாம் மாறுபாட்டைத் தேடிப் போனார்கள். விற்கிற கன்றில் அது சொல்லாமல் கொள்ளாமல் வந்தால்தான் சிக்கல்.

வகுப்புக்குச் சில குறிப்புகள்

உயிரியல் தாளில் பாடநூல் வரியையே எழுதுங்கள்: கன்றுகள் தாய்ச்செடியை மரபியலில் ஒத்திருக்கும். தமிழ்மொழிக் கட்டுரையில் நவீன வேளாண்மை பற்றி எழுதும்போது, "ஆயினும் திசு வளர்ப்பின்போது சில கன்றுகளில் மாறுபாடு தோன்றக்கூடும் என்பதால் அவற்றைச் சோதிக்க வேண்டியுள்ளது" என்று ஒரு வாக்கியம் சேர்த்து, குளுவாங் எடுத்துக்காட்டை ஆண்டோடு கொடுத்தால் கருத்துக்கு வலு சேரும். மரபணு, மரபுத்தொகுதி இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். மரபணு ஒரு கட்டளை, மரபுத்தொகுதி மொத்த நூல். "குளோன்" என்பதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதலாம், "படி" என்றும் எழுதலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

கருத்துணர்தலுக்குக் கேள்வி எடுக்கிறவர்களுக்கு ஒன்று தருகிறேன். "போர்த்திய காய் காய்த்த செம்பனைகள் பட்டைச் சோதனையில் தேறியும் தோட்டத்தில் தோற்றன. ஏன்?" விடையில் எழுத்து, புள்ளி என்ற உவமை மட்டும் இருந்தால் பாதி மதிப்பெண் கொடுங்கள். மீத்தைல் என்ற சொல்லும், அது உதிர்ந்ததால் எந்த மரபணுவின் வாசிப்பு நின்றது என்பதும் வந்தால் முழு மதிப்பெண்.